கொழும்பின் புது ஹோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை கோட்டையில், வீடு வெள்ளவத்தையில் என்றால் ஊரிலிருந்து வரும் உறவுகளுக்கு நாம்தான் வழிகாட்டி. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருபவர்கள், விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திறங்கும் மச்சான்மார், எல்லோரும் கோட்டை, காலிமுகத்திடல், கொம்பனித்தெருப் பக்கம் எழும்பியிருக்கும் ஹோட்டல்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதிலை எழுதியிருக்கிறேன். விலையும் வரியும் அடிக்கடி மாறும். போக முன்னர் ஒருதரம் போன் எடுத்துக் கேட்பது நல்லது.

கோட்டைப் பக்கம் போனா எங்க பார்த்தாலும் புதுக் கட்டடமாக் கிடக்கு. எது எந்த ஹோட்டல்?

காலிமுகத்திடலில் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இடப்பக்கமாகத் தெரிவது ஷங்ரி-லா. 2017 நவம்பரில் திறந்தார்கள், 500 அறைகள். அதோடு ஒட்டிய வன் கோல்பேஸ் கடைத்தொகுதி 2019 கடைசியில் வந்தது. அதற்கு அடுத்து, இரண்டு கோபுரங்களை உயரத்தில் ஒரு பாலம் இணைக்கிறதே, அது ஐடிசி ரத்னதீப. 2024 ஏப்ரலில் திறந்தது, 352 அறைகள். இந்தியாவின் ஐடிசி நிறுவனம் நாட்டுக்கு வெளியே கட்டிய முதல் ஹோட்டல் இதுதான். பாலத்தின் மறுமுனையில் இருப்பது ஹோட்டல் அல்ல, குடியிருப்புத் தொடர்மாடி.

பேரே வாவிக்கு அந்தப் பக்கம், கொம்பனித்தெருவில், பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளி வைத்ததுபோல நிற்பது சினமன் லைஃப். வடிவம் கொடுத்தவர் இலங்கையில் பிறந்த செசில் பால்மண்ட். ஜோன் கீல்ஸ் நிறுவனத்தின் இந்தத் திட்டத்தில் 687 அறைகள் கொண்ட ஹோட்டல் 2024 ஒக்டோபரிலும், கசினோவும் 113 அறைகள் கொண்ட நுவா ஹோட்டலும் 2025 ஓகஸ்டிலும் திறந்தன. முழுவதற்கும் இப்போது சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் என்று பெயர். கொள்ளுப்பிட்டியில் மோவன்பிக் 2017 தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

இதுக்கு முதல் அங்க நல்ல ஹோட்டல் ஒண்டும் இருக்கேல்லையோ?

ஏன் இல்லை? காலிமுகத்திடலின் தெற்கு முனையில் இருக்கும் கோல்பேஸ் ஹோட்டல் 1864ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. யோர்க் வீதியில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் கிராண்ட் ஓரியண்டல் 1875இல் திறந்தது. அது முன்பு படைவீரர் தங்கிய கட்டடம். சுயெஸ் கால்வாய் திறந்து, கொழும்பில் அலைதடுப்புச் சுவரும் கட்டிய பிறகு, காலித் துறைமுகத்துக்குப் போன கப்பல்கள் எல்லாம் இங்கே திரும்பின. பயணி இறங்குதுறையில் இறங்கி நடந்தே அறைக்கு வந்துவிடுவார். கோட்டை ஹோட்டல்களின் முதல் அலை அப்படித்தான் எழும்பியது.

இரண்டாவது அலை 1970களிலும் 80களிலும். இன்றைய கிங்ஸ்பரி 1973இல் இன்டர்கொன்டினென்டலாகத் திறந்தது. இன்றைய சினமன் கிராண்ட் அன்று லங்கா ஒபரோய். தாஜ் சமுத்திரா, கலதாரி, 1987இல் ஹில்டன் என்று வரிசையாக வந்தன. பிறகு யுத்தம். 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு, 1997 ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்துக்கும் கலதாரிக்கும் பக்கத்தில் இன்னொன்று. சோதனைச் சாவடிகளும் மூடிய வீதிகளுமாகக் கோட்டை கிடந்தபோது அங்கே புதிதாகக் காசு போட எவர் வருவார்? மூன்றாவது அலை 2009க்குப் பிறகுதான். நீங்கள் இப்போது பார்ப்பது அதைத்தான்.

ரூம் எடுக்காம சும்மா உள்ள போகலாமோ? வாசலில மறிப்பினமோ?

போகலாம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் வெளியாட்கள் வருவதை எல்லா ஹோட்டலும் விரும்புகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வாசலில் பையை ஸ்கேன் மெஷினுக்குள் விட்டு, நீங்கள் உலோகம் காட்டும் சட்டத்தைக் கடந்து போகவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி மூன்றிலும் காலைச் சாப்பாட்டு நேரத்தில் குண்டு வெடித்தது. தேவாலயங்களிலும் சேர்த்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே பையைத் திறந்து பார்த்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

உடுப்பு விஷயத்தில் பயப்படத் தேவையில்லை. வேட்டியோ சேலையோ சாதாரணக் கால்சட்டையோ எதுவும் சரி. இரவில் சில உணவகங்களில் அரைக்காற்சட்டையும் ரப்பர் செருப்பும் போட்ட ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். ஓட்டோவில் போய் இறங்குவதும் தவறில்லை. சில இடங்களில் ஓட்டோவை முன்வாசல் வரை விடாமல் வீதியோரமே நிறுத்தச் சொல்வார்கள், அவ்வளவுதான். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் காவலரிடம் சொல்லுங்கள், விடுவார்கள்.

மெனுவில ஐயாயிரம் எண்டு கிடந்தது. பில் ஆறாயிரத்து அறுநூறுக்கு மேல வந்திட்டுது. ஏமாத்திப்போட்டாங்களோ?

இல்லை. விலைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு சகக் குறி (++) போட்டிருப்பார்கள், அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். சேவைக் கட்டணமும் வரிகளும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். கணக்கு இப்படிப் போகும்: 5,000 ரூபாவுக்கு 10 வீதச் சேவைக் கட்டணம் 500. மொத்தம் 5,500. அதன்மேல் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதம், 137 ரூபா 50 சதம். அதற்கும் மேல் வற் வரி 18 வீதம், ஏறக்குறைய 1,015. கூட்டினால் 6,650 சொச்சம். சில பில்களில் சுற்றுலா அபிவிருத்தி வரி 1 வீதமும் தனியாக நிற்கும்.

சுருக்கமாக, ++ கண்டால் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ‘நெட்’ என்று போட்டிருந்தால் எழுதியிருக்கும் தொகைதான் முடிவு. சின்னக் கடைகளில் வற் வராது, ஏனென்றால் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விற்பனை உள்ளவர்கள் அதற்குப் பதியத் தேவையில்லை. பதியாத கடை ஒன்று வற் போட்டுப் பில் தந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள். பதிந்த கடையின் பில்லில் வற் இலக்கம் அச்சாகியிருக்கும்.

அந்த சேவைக் கட்டணம் உண்மையிலயே வேலை செய்யிற பிள்ளையளுக்குப் போகுதோ?

பெரிய ஹோட்டல்களில் போகிறது. மாதம் முழுக்கச் சேர்ந்த தொகையைப் பதவிக்கும் சேவைக் காலத்துக்கும் ஏற்பப் புள்ளி போட்டுப் பிரிப்பார்கள். மேசைக்கு வருபவருக்கு மட்டும் அல்ல, கோப்பை கழுவுபவர், அறை துப்புரவு செய்பவர் வரை பங்கு உண்டு. உடைந்த பாத்திரத்துக்கென்று ஒரு சிறு பகுதியைக் கழிக்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் சிறியது என்பதால் ஒரு நல்ல டிசம்பருக்கும் ஆளில்லாத மே மாதத்துக்கும் இடையில் ஒரு பணியாளரின் வருமானம் வெகுவாக மாறும். தனியே உள்ள உணவகங்களில் நிலைமை முதலாளியைப் பொறுத்தது.

டிப்ஸ் கட்டாயமில்லை. உங்களைக் கவனித்த பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள். பில் புத்தகத்துக்குள் வைத்தால் அது பொதுப் பெட்டிக்குப் போகலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமோ? அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டா.

கிடைக்கும். ஐடிசி ரத்னதீபவில் அவர்த்தனா என்று ஒரு உணவகம் இருக்கிறது. சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவில் தொடங்கிய தென்னிந்திய உணவகம், அதன் கொழும்புக் கிளை. முழுச் சைவ வரிசை ஒன்று உண்டு. ரசத்தை ஏதோ சத்திரசிகிச்சை மாதிரி செய்து கண்ணாடிக் கிண்ணத்தில் தருவார்கள். ருசி பழுதில்லை, ஆனால் அம்மாவுக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம். பசித்து வருபவருக்கான இடம் அல்ல அது.

பஃபே என்றால் சைவம் தாராளமாக இருக்கும். ஆனால் கரண்டி மாறும், மாசிக்கருவாடு போட்ட சம்பல் சைவக் கறிகளுக்குப் பக்கத்தில் இருக்கும். சமையலாளரைக் கூப்பிட்டுக் கேட்டால் எது எதில் மாசி இருக்கிறது என்று காட்டித் தருவார், இதில் வெட்கம் வேண்டாம். விரதச் சுத்தம் முக்கியம் என்றால் நட்சத்திரத்தை விட்டுவிட்டுச் செட்டியார் தெருவிலோ வெள்ளவத்தையிலோ ஒரு சைவக்கடைக்குப் போங்கள். நானும் அதைத்தான் செய்வேன்.

டச்சு ஆஸ்பத்திரி எண்டு ஒரு இடம் சொல்லினம். ஆஸ்பத்திரிக்க என்ன சாப்பாடு?

ஒல்லாந்தர் காலத்தில் கம்பனிக் கப்பலோட்டிகளுக்காகக் கட்டிய வைத்தியசாலை. கோட்டையில் மிச்சமிருக்கும் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. பின்னர் கோட்டைப் பொலிஸ் நிலையமாக இருந்தது. மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்து, நெடுநாள் பாழடைந்து கிடந்து, திருத்தி 2011 டிசம்பரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தார்கள். தடித்த சுவர், தாழ்ந்த ஓட்டுக்கூரை, நடுவில் இரண்டு முற்றங்கள். மதியம் இரண்டு மணி வெயிலிலும் விறாந்தையில் இருக்கலாம். புதுக் கோபுரங்கள் எதிலும் குளிரூட்டி இல்லாமல் அப்படி இருக்க முடியாது. இந்த வட்டாரத்தில் நடந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இடிக்காமல், இருந்ததை வைத்தே செய்திருக்கிறார்கள்.

நண்டுக்குப் பெயர்போன மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் உள்ளேதான் இருக்கிறது. சமையலாளர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரும் சேர்ந்து தொடங்கியது. விலை ஏன் அப்படி என்றால், நமது களப்புகளில் பிடிபடும் நல்ல பெரிய நண்டு முன்பெல்லாம் நேரே சிங்கப்பூருக்குத்தான் போகும். ஊரில் மிஞ்சுவது சிறிசும் கால் உடைந்ததும். ஏற்றுமதித் தரத்தை இங்கே நிறுத்தி வைக்க ஏற்றுமதி விலை கொடுக்கவேண்டும். நிறைக்குத்தான் விலை, அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை போகும். கொண்டுவர முன்பே நிறையையும் விலையையும் கேட்டுவிடுங்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டில் நண்டுக்கறி தின்று வளர்ந்தவர்கள் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இரண்டாம் தரம் போவீர்களோ தெரியாது.

கலியாணத்தை பெரிய ஹோட்டலில வைக்கலாம் எண்டு யோசிக்கிறம். ஓமம் வளர்க்க விடுவினமோ?

பெரும்பாலும் விடுவார்கள், முன்கூட்டியே சொன்னால். மண்டபக் கூரையில் புகை காட்டும் கருவி இருக்கிறது. ஓமகுண்டத்தில் ஐயர் நெய் விட்டதும் அது கத்தத் தொடங்கினால் தாலி கட்டுகிற நேரம் சைரனும் கெட்டிமேளமும் ஒன்றாய்க் கேட்கும். அந்தப் பகுதிக் கருவியை நிறுத்தி வைப்பது, கம்பளத்தின்மேல் தகடோ மணலோ போடுவது, தீயணைப்புக் கருவியோடு ஓர் ஆளை நிறுத்துவது, இவற்றையெல்லாம் விருந்துப் பிரிவு செய்து தரும். வாய்ப்பேச்சில் விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். குண்டம் எவ்வளவு பெரிது என்பதையும் எழுதுங்கள். ஐயர்மார் கொண்டுவரும் குண்டத்துக்கும் ஹோட்டல்காரர் மனதில் நினைத்த குண்டத்துக்கும் எப்போதும் வித்தியாசம் உண்டு.

விலை தலைக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். அதோடு ‘மினிமம் கேரண்டி’ என்று ஒரு எண்ணிக்கை கேட்பார்கள். 300 என்று ஒப்புக்கொண்டு 240 பேர் வந்தாலும் 300 பேருக்குக் காசு. நமது ஆட்களுக்கு அழைப்பிதழில் உள்ள பெயர் ஒன்று, வருபவர் நாலு, அல்லது ஒருவருமே இல்லை. அதனால் குறைத்துச் சொல்லிப் பிறகு கூட்டுவதே புத்தி. அந்தத் தலைக்கணக்கு ++ஆ நெட்டா என்று கேட்க மறக்கவேண்டாம். பில்லைப் பற்றி மேலே சொன்ன கணக்கு 300 பேருக்கு எவ்வளவு வரும் என்று ஒருதரம் கூட்டிப் பாருங்கள். மதுபானத்தை நீங்களே கொண்டுபோனால் போத்தலுக்கு ‘கோர்கேஜ்’ கட்டணம். நாதஸ்வரம், மணவறை, பூ எல்லாம் வெளியாட்கள் என்றால் எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதும் முக்கியம். காலை முகூர்த்தத்துக்கு முந்திய இரவு வேறு ஒரு விருந்து அதே மண்டபத்தில் நடந்தால், மணவறைக்காரருக்கு நள்ளிரவு தாண்டித்தான் கதவு திறக்கும்.

போயா நாளில போனா?

சாப்பாடு உண்டு, மது விற்கமாட்டார்கள். நட்சத்திர ஹோட்டலுக்கும் இதே சட்டம்தான். வரவேற்பு விருந்துக்குத் திகதி எடுக்க முன் போயாக் கலண்டரைப் பாருங்கள், அல்லது வேண்டுமென்றே போயாவில் வையுங்கள். செலவு மிச்சம்.

கசினோவுக்கு எங்கட ஆக்கள் போகலாமோ?

சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இலங்கைக் குடிமக்கள் உள்ளே போக டொலர்க் கணக்கில் நுழைவு வரி கட்டவேண்டும். 2025இல் அதை 50 டொலரிலிருந்து 100 ஆக்கினார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அது இல்லை. கனடா மச்சான் சும்மா போவார், நீங்கள் வாசலில் கட்டிவிட்டுப் போவீர்கள். சினமன் லைஃப் உணவகங்களுக்குப் போக இது எதுவும் தேவையில்லை, அவற்றுக்கு வழி வேறு.

இவ்வளவு அறைக்கும் ஆள் எங்கயிருந்து வருது? ராவில பார்த்தா பாதி ஜன்னல் இருட்டாக் கிடக்கு.

ஷங்ரி-லா, ஐடிசி, சினமன் லைஃப் மூன்றிலும் நுவாவையும் சேர்த்து 1,600க்கும் மேற்பட்ட அறைகள். நாட்டுக்கு வந்த பயணிகள் 2018இல் 23 இலட்சம். குண்டுவெடிப்பு, கொரோனா, 2022இன் பெற்றோல் வரிசையும் நாடு கடன் கட்டமுடியாமல் நின்றதும் என்று அடிமேல் அடி. 2021இல் 2 இலட்சம்கூட வரவில்லை. 2024இல்தான் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. திட்டம் போட்டபோது நினைத்த ஆண்டு வேறு, திறந்த ஆண்டு வேறு. சினமன் லைஃப் வேலை 2014 வாக்கில் தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் வீதி. கப்பல் காலத்துப் பயணி கோட்டையில் இறங்கினார் என்று சொன்னேன். இன்றைய பயணி இறங்குவது கட்டுநாயக்கவில். 2011இல் தெற்கு அதிவேக வீதியும் 2013இல் விமான நிலைய அதிவேக வீதியும் வந்த பிறகு, அவர் கொழும்புக்குள் வராமலே காலிக்கோ சீகிரியாவுக்கோ போய்விடலாம். கொழும்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி ஓர் இரவு. அதனால் இந்த ஹோட்டல்களுக்கு மாநாடு, இந்தியாவிலிருந்து வரும் கலியாணக் கூட்டங்கள், கசினோ எல்லாம் தேவைப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நாம் தேவை. ஞாயிறு மதிய பஃபே, பிறந்தநாள், கம்பனி ஆண்டிறுதி விருந்து, மேலே சொன்ன கலியாணங்கள். அறை இருட்டாக இருக்கும் இரவிலும் கீழே மண்டபத்தில் வெளிச்சம் இருக்கும். பயணிகளுக்காகக் கட்டியது என்று சொல்லப்படும் இந்த ஹோட்டல்களை மோசமான வருடங்களில் தாங்கியது ஊர்க்காரர் கொடுத்த காசுதான் என்பது என் எண்ணம். வாசலில் மறிக்கமாட்டார்கள் என்று நான் உறுதியாகச் சொன்னதற்கும் அதுவே காரணம்.

இந்த ஹோட்டல்கள் கட்ட சனத்தை எழுப்பினவங்கள் எண்டு ஒரு கதை இருக்கு. உண்மையோ?

பாதி உண்மை, அந்தப் பாதி கனமானது. ஷங்ரி-லா நிற்கும் சுமார் 10 ஏக்கர் காணி முன்பு இராணுவத் தலைமையகம் இருந்த இடம், குடியிருப்பு அல்ல. சினமன் லைஃப் நிற்கும் காணி பெரும்பாலும் ஜோன் கீல்ஸின் சொந்தக் காணி. ஆகவே அந்தக் கோபுரத்தைக் காட்டி ‘இதற்குக் கீழே இத்தனை வீடு’ என்று சொல்வது சரியல்ல.

ஆனால் சுற்றியுள்ள காணியின் விலை ஏறியதும் கொம்பனித்தெருவுக்கு வந்த கதி வேறு. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் மியூஸ் வீதியில் படையினர் நிற்க வீடுகளை இடித்தார்கள். பிறகு ஜாவா லேன் போன்ற இடங்களில் தனியார் திட்டங்களுக்காகக் குடும்பங்களை வெளியேற்றி, தொடர்மாடி கட்டித் தருவோம் என்றார்கள். பலர் வருடக்கணக்கில் வாடகை வீட்டில் காத்திருந்தார்கள். கொழும்பு முழுவதிலும் சுமார் 70,000 குடும்பங்களை இப்படி இடம் மாற்றுவதே திட்டம். தெமட்டகொட, வனாத்தமுல்லைப் பக்கத் தொடர்மாடிகளுக்குப் போனவர்களிடம் அந்த வீட்டுக்கே தவணை கட்டச் சொன்னார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் இதையெல்லாம் அறிக்கைகளாகப் பதிந்திருக்கிறது. போனவர்களில் மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் எல்லோரும் இருந்தார்கள்.

இன்னொரு பக்கம், பெரிய திட்டங்களுக்கு 2008ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீண்டகால வரிச் சலுகை கிடைத்தது. ஒரே நகரத்தில் ஒருவருக்கு வரிச் சலுகை, இன்னொருவருக்கு வீட்டுத் தவணை. இதைச் சொன்னால் அபிவிருத்திக்கு எதிரி என்பார்கள். சொல்லத்தான் வேண்டும்.

எங்கட ஆக்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் ஹோட்டல் வைச்சிருக்கேல்லையோ?

வைத்திருந்தார்கள். கொம்பனித்தெரு ரியோ சினிமா 1965இல் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம் ஒன்று திறந்தது. எழுபது மில்லிமீற்றர் படம் பார்க்க நகரமே திரண்டு வந்த தியேட்டர். அதோடு சேர்த்து ஹோட்டலும் கட்டினார்கள். 1983 ஜூலையில் எரித்தார்கள். ஹோட்டல் பிறகு திறக்கவே இல்லை. பிற்காலத்தில் கொழும்புஸ்கோப் கலை விழாவை அந்தக் கரிபிடித்த தளங்களில் நடத்தினார்கள்.

கொள்ளுப்பிட்டியில காலி வீதியில பாதியில நிக்கிற அந்தப் பெரிய கட்டடம் என்ன?

அது ஹயாத் ஹோட்டலாக வரவேண்டியது. முதலில் செலிங்கோ குழுமத்தின் ஆடம்பரத் தொடர்மாடியாகத் தொடங்கியது. 2008 கடைசியில் அதே குழுமத்தின் கோல்டன் கீ கம்பனி விழுந்து வைப்பாளர்கள் பணத்தை இழந்தபோது இதுவும் நின்றது. 2011இல் ஒரு விசேட சட்டத்தின் மூலம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, கன்வில் ஹோல்டிங்ஸ் என்ற கம்பனிக்குக் கீழே ஹோட்டலாக்கப் பார்த்தது. போட்ட காசில் ஊழியர் சேமலாப நிதியின் பணமும் உண்டு. அதாவது தனியார் துறையில் வேலை பார்க்கும் நீங்களும் நானும் அதற்குப் பங்காளிகள். இலாபம் எப்போது வரும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இப்பிடிப் பெரிய ஹோட்டல் வந்தா பக்கத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடையள் படுத்திடாதோ?

போட்டியால் படுக்காது. மோதரையிலிருந்து வேலைக்கு வருபவர் மதியம் ஷங்ரி-லாவுக்குப் போகப்போவதில்லை, சாப்பாட்டுப் பார்சல்தான் எடுப்பார். கொம்பனித்தெருவின் பிட்டும் பாபத்தும், அதாவது மலாயர் வைக்கும் மாட்டுக்குடல் கறி, எந்த நட்சத்திர ஹோட்டலிலும் அந்த மாதிரிக் கிடையாது. கடைகளை விழுத்துவது காணிதான். சனத்தை எழுப்பிய கதையில் மேலே சொன்ன மாதிரி, தெருவையே எடுத்துவிட்டால் கடையும் போகிறது, அந்தக் கடைக்கு வந்த குடும்பங்களும் போகின்றன. கோபுரத்தில் தங்குபவர் காரில் ஏறி காரில் இறங்குகிறார். அவரை நம்பிச் சின்னக் கடை நடத்த முடியாது.

மகன் ஹோட்டல் வேலைக்குப் படிக்கப்போறன் எண்டு நிக்கிறான். விடலாமோ?

விடலாம். கொள்ளுப்பிட்டியில் இலங்கை சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் இருக்கிறது. 1964இல் ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கியது, வெளி மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு. சமையல், பரிமாறல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு எல்லாவற்றுக்கும் பயிற்சி. 2022க்குப் பிறகு அனுபவம் உள்ள சமையலாளர்கள் மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் அள்ளுண்டு போய்விட்டதால் இங்கே ஆள் தட்டுப்பாடு. நல்ல பிள்ளை சீக்கிரம் மேலே வரும்.

இரண்டு விஷயம் அவனுக்குச் சொல்லி வையுங்கள். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் வேண்டும், சமையலறைக்குள் பேசுவது சிங்களம். தீபாவளி, புதுவருடம், நத்தார் எதற்கும் லீவு கிடையாது. ஊரே கொண்டாடும் நாளில்தான் அவனுக்கு வேலை கூட. சம்பளக் கணக்குக்கு மேலே சேவைக் கட்டணப் பதிலைப் பாருங்கள்.

துறைமுக நகரத்திலயும் ஹோட்டல் வருமோ? அப்ப இதுகள் என்ன ஆகும்?

கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டயர் நிலம், 2014இல் தொடங்கியது. 2021இன் தனிச் சட்டத்தின் கீழ் தனி ஆணைக்குழு, தனிச் சலுகைகள். வரைபடத்தில் ஹோட்டலுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கட்டினால் ஏற்கெனவே இருக்கும் அறைகளோடு அதே பயணிக்காக மல்லுக்கட்டவேண்டும். ஓரிரவுப் பிரச்சினையைத் தீர்க்காமல் அறையைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நானே கோட்டையில ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டா ஓடுமோ?

கனடாவில் சேர்த்த காசோடு வருபவர்கள் கேட்பது இது. முதலில் ஒரு வெள்ளிக்கிழமை மதியமும் பிறகு ஒரு ஞாயிறு மாலையும் அதே தெருவில் போய் நில்லுங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை நிற்க இடம் இருக்காது. கந்தோர் முடிந்ததும் எல்லோரும் கோட்டை ரயில் நிலையத்துக்கு ஓடிவிடுவார்கள். சனி ஞாயிறு பூனைதான் நடமாடும். கோட்டையில் குடியிருப்பவர்கள் மிகக் குறைவு, அதனால் வாரத்தில் ஐந்து மதியங்களை வைத்து ஏழு நாள் வாடகையைக் கட்டவேண்டும். அந்தக் கணக்கு சரிவந்தால் போடுங்கள். சைவப் பார்சல், காலையில் இடியப்பம், பின்னேரம் வடையும் தேத்தண்ணியும் என்றால் சரிவரக்கூடும். இரவு மேசை வைத்துப் பரிமாறுவது டச்சு ஆஸ்பத்திரி மாதிரி ஆட்கள் தேடிவரும் இடத்தில்தான் நடக்கும்.

கடிதங்கள் என்று பார்த்தால் வியாபாரப் பெயர்ப் பதிவு, கொழும்பு மாநகர சபையின் வருடாந்த வர்த்தக அனுமதிப்பத்திரம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம்தான் அவர் கையில் இருப்பது. குசினியின் வடிகானையும் வேலையாட்களின் நகத்தையும் பார்ப்பார். சுற்றுலாத் தர உணவகம் என்று பலகை போட விரும்பினால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பதியவேண்டும். பழைய கட்டடத்தில் வாடகைக்கு எடுப்பதென்றால் காணி யாருடையது, அந்தத் தெரு ஏதாவது திட்டத்துக்குள் அகப்பட்டிருக்கிறதா என்று நகர அபிவிருத்தி அதிகார சபையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முற்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.